தேரை தேடிச் செல்வோர்

 

ஆண்டு நிறைவு விழாவில் கவிதை, காப்பியம், திறனாய்வு என்று பேசுவதே மரபு. அந்த மேடையில் தவளையையும் பல்லியையும் பாம்பையும் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். சிலருக்கு அருவருப்பையும் தரலாம். எனினும் கார்காலத்தைப் பாடாத தமிழ்க் கவிஞர் இல்லை. கார்காலத்தைப் பாடியவருள் தவளையின் குரலைக் கேளாதவரும் இல்லை. கேட்டவர் பலர், சென்று பார்த்தவர் எத்தனை பேர் என்பதே இன்றைய கேள்வி.

அண்மைக் காலத்தில், சென்று பார்ப்பதையே நோன்பாகக் கொண்ட ஒரு கூட்டம் தோன்றியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடிந்ததும் இவர்கள் புறப்படுகிறார்கள். மும்பையிலும் புனேயிலும் இருப்போர் மகாராட்டிரத்தின் தென்கோடியிலுள்ள ஆம்போலிக்குச் செல்கிறார்கள். பெங்களூரில் இருப்போர் ஆகும்பேயை நாடுகிறார்கள். கோவையில் இருப்போருக்கு வால்பாறை இருக்கிறது. மூட்டையில் நெற்றி விளக்கு, மழைச்சட்டை, முழங்கால் வரை வரும் காலணி, அட்டையைத் தடுக்கும் நீண்ட காலுறை, நனையாத உறையில் பொதிந்த புகைப்படக் கருவி. ஊரார் கதவடைத்து உறங்கும் வேளையில், கொட்டும் மழையில், ஓடைக்கரையில் குனிந்தபடி நடப்பார்கள். ஞாயிறு இரவு திரும்புவார்கள். கொண்டுவருவது நிழற்படங்களையும் ஒரு குறிப்பேட்டையும் மட்டுமே. அவ்வாறு மட்டுமே இருக்கவேண்டும் என்பதுதான் இவ்வுரையின் வேண்டுகோள்; அவ்வாறு இல்லாமற் போனதன் கதையும் பின்னர் வரும்.

தமிழுக்கு இவ்வுயிர்கள் அயலானவை அல்ல. தவளை, தேரை, நுணல் என்று மூன்று பெயர்; குஞ்சுக்குத் தலைப்பிரட்டை என்று தனிப்பெயர். பல்லி, அரணை, ஓணான், உடும்பு, பச்சோந்தி என்று ஊர்வனவற்றை ஒன்றோடொன்று குழப்பாமல் வைத்த மொழி இது. பாம்புகளுக்கோ சாரை, மண்ணுளி, கொம்பேறிமூக்கன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று அகராதியே உண்டு. தொல்காப்பியர் மரபியலில் பறவையின் இளமைக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தவழ்வனவற்றுக்கும் உரிமையாக்கினார். ஊர்ந்து செல்லும் ஓர் உயிரின் குட்டியைப் பிள்ளை என்று அழைக்க இசைந்த மரபு, அருவருப்பை அடிப்படையாகக் கொண்டது ஆகாது. அருவருப்பு பின்னால் வந்து சேர்ந்ததாகவே தோன்றுகிறது.

ஆயினும் ஒரு குறை உண்டு. கவிதையில் தவளை பெரும்பாலும் கூட்டமாகவே வருகிறது. அது ஓர் ஒலி, மழையின் பின்னணி, வயல் செழிப்பின் அடையாளம். ஒரு தனித் தவளை, தனக்கென முகமும் இடமும் பொழுதும் உள்ள ஒரு தவளை, அரிதாகவே வருகிறது. புகைப்படக் கருவியோடு செல்பவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் கூட்டத்தைப் படம் எடுக்க முடியாது. ஆயிரம் குரல்களுக்குள் ஒரு குரலைத் தேர்ந்து, அது புறப்படும் இலையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அது எளிய செயல் அன்று. புதர்த்தவளைகளுள் பல கட்டைவிரல் நகத்தின் அளவே. அவற்றின் குரலோ பத்தடிக்கு அப்பால் பாறை பிளப்பதுபோலக் கேட்கும். ஒலி வரும் திசையை நோக்கி ஓரடி வைத்தால் குரல் நின்றுவிடும். அப்போது விளக்கை அணைத்துவிட்டு நிற்கவேண்டும். ஐந்து நிமிடம், சில வேளை அரை மணி. அட்டை கழுத்தில் ஏறும், அசையக்கூடாது. குரல் மீண்டும் எழும். தேர்ந்தவர்கள் இருவராகச் செல்வார்கள். இருவேறு இடத்தில் நின்று ஒலி வரும் திசையை ஆளுக்கொரு கையால் சுட்டுவார்கள். இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் விளக்கைப் பாய்ச்சினால், அங்கே ஓர் இலையின் நடுநரம்பின்மேல், தன் தலையை விடப் பெரிதாகத் தொண்டைப்பையை ஊதிக்கொண்டு அந்தச் சிற்றுயிர் அமர்ந்திருக்கும். தன் வாயே நுணலைக் காட்டிக்கொடுக்கும் என்று பழமொழி எச்சரிக்கிறது. அந்தப் பழமொழியை ஆக்கியவர் மழையில் நின்று கேட்டவராகத்தான் இருக்கவேண்டும்.

விளக்கைப் பிடிக்கும் முறையிலும் நுட்பம் உண்டு. கண்ணுக்கு அருகில், நெற்றியில் கட்டிய விளக்கானால், இருளில் இருக்கும் விழிகள் அவ்வொளியைத் திருப்பித் தரும். கையில் தாழப் பிடித்தால் அது தெரியாது. புல்வெளியில் பனித்துளிபோல மின்னுவனவற்றுள் பாதி சிலந்தியின் கண்கள் என்பதை அறியப் புதியவருக்குச் சில இரவுகள் ஆகும். பகலில் எத்தனை தேடினாலும் அகப்படாத பச்சோந்தி, இரவில் கிளை நுனியில் உறங்கும்போது வெளிறிப்போய், விளக்கொளியில் வெள்ளை இலைபோலத் தனித்துத் தெரியும். தன் நிறத்தால் மறையும் உயிர், உறக்கத்தில் தன் நிறத்தாலேயே வெளிப்படுகிறது. கவிஞர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். இதற்கு எவரும் உரிமை கொண்டாடவில்லை.

இவ்வாறு பார்த்தவர்கள் கண்டது என்ன? ஆம்போலியின் செம்பாறைப் பரப்பில் ஒரு சிறு தேரை வாழ்கிறது. விலாவில் புலிக்கோடுபோல மஞ்சள் வரிகள். அதைத் தனி இனமாக அறிவியல் உலகுக்கு அறிவித்தது 2009ஆம் ஆண்டில்தான். பாறைக் குழியில் தேங்கும் மழைநீரில் அது முட்டையிடும். உலகில் அச்சிற்றூரைச் சுற்றியன்றி வேறெங்கும் அது இருப்பதாகத் தெரியவில்லை. அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. மழைக்கால வார இறுதிகளில் அருவி பார்க்க வரும் வாகனங்கள் அந்தச் சாலையில்தான் வரிசையாக நிற்கின்றன.

ஆனைமலையில் பறக்கும் தவளை ஒன்று உண்டு. பறப்பது என்பது மிகை; விரல்களுக்கு இடையேயுள்ள செந்நிறச் சவ்வை விரித்து, மரத்திலிருந்து மரத்துக்குச் சறுக்கிச் செல்லும். நீருக்கு மேலே தொங்கும் இலையில் நுரைக்கூடு கட்டி அதனுள் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் மழையோடு நீரில் விழும். மலபாரின் பறக்கும் தவளையோடு ஒன்றாகவே எண்ணப்பட்டுவந்த இதற்கு 2000ஆம் ஆண்டில்தான் தனிப்பெயர் கிடைத்தது. பாம்புகளிலும் இதுவே நிலை. மரக்கிளையில் கொடிபோல நீண்டு கிடக்கும் பச்சைப்பாம்பை அறியாதவர் இல்லை. கண்ணைக் கொத்தும் என்று அஞ்சிக் கண்கொத்தி என்று பெயரிட்டு அடித்துக் கொன்றார்கள். அருகில் சென்று படம் எடுத்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: கிடைமட்டமான சாவித்துளைபோன்ற விழி, இரையின் தொலைவை அளப்பதற்காகவே அமைந்த கூர்முகம். ஒரே இனம் என்று கருதப்பட்ட இப்பச்சைப்பாம்பு, இந்தியாவின் தென்பகுதியில் மட்டும் பல இனங்கள் என்று 2020இல் பிரித்துக் காட்டப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகமும் 2024இல் தனி இனமாயிற்று. காளிங்கா என்று அதற்குப் பெயர். கன்னட நாட்டார் வழங்கிவந்த பெயரையே அறிவியல் ஏற்றுக்கொண்டது பாராட்டத்தக்கது.

அதே 2024இல் சதுரகிரி மலையடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில், ஒரு சிறு பல்லியைத் தனி இனமாக அறிவித்தவர்கள் அதற்கு ஓவியர் வான்கோவின் பெயரைச் சூட்டினார்கள். மஞ்சளும் நீலமும் கலந்த அதன் உடல், அவர் தீட்டிய விண்மீன் இரவு ஓவியத்தை நினைவூட்டியதாம். சதுரகிரிச் சித்தர்களின் மலையில் வாழும் ஒரு பல்லிக்கு ஒல்லாந்து ஓவியரின் பெயரா என்று கேட்போர் கேட்கட்டும். அறிவியலார்க்கும் உவமை தேவைப்படுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. உடன் அறிவிக்கப்பட்ட மற்றோர் இனத்துக்குச் சதுரகிரியின் பெயரே கிடைத்துவிட்டது.

இவை அனைத்திலும் வியப்பானது மண்ணுக்குள் வாழும் ஊதாநிறத் தவளை. 2003இல் பிஜுவும் பாசுயும் கேரளத்திலிருந்து அதை விவரித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் நெருங்கிய உறவினர் கடல்கடந்த சேஷெல்ஸ் தீவுகளில்தான் இருக்கின்றனர். பன்றிபோன்ற மூக்கு, வீங்கிய உடல், குறுகிய கால்கள். ஆண்டு முழுதும் நிலத்தடியில் கறையானைத் தின்று கிடக்கும். மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இணைதேடி வெளியே வரும். ஆண்டுக்கொரு முறை பாதாளத்திலிருந்து வருவதால் கேரள மக்கள் அதை மாவலி மன்னனோடு சேர்த்து எண்ணினார்கள். கதைக்கு இத்தனை பொருந்தும் தவளையை இயற்கை படைத்தது வியப்புத்தான்.

திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவில் வாழும் அதன் உறவினம் 2017இல் தனியே அறிவிக்கப்பட்டது. தோற்றத்தை விட நேரத்தில்தான் வேறுபாடு எடுப்பாகத் தெரிகிறது. கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் வெளிவரும். மலைக்குக் கிழக்கே வாழும் இதுவோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்று வகுத்த தமிழ் மரபுக்கு, கூதிரில் மட்டும் நிலத்தைப் பிளந்துகொண்டு வரும் ஒரு தவளை கிடைத்திருக்கிறது. இன்னும் எந்தக் கவிஞரும் அதைத் தொடவில்லை என்றே தெரிகிறது. அத்தவளை, 2014இல் மறைந்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இத்தேட்டத்துக்கு மேலை நாடுகளில் வயது அதிகம். அமெரிக்காவில் நெடுங்காலம் அது சாக்குப்பையோடு நடந்தது. பிடித்துக்கொண்டு வருவதே பெருமை. நியூயார்க்கின் ஸ்டாட்டன் தீவு விலங்குக் காட்சிச்சாலையில் பாம்புகளைப் பேணிய கார்ல் காஃபெல்டு 1957இல் பாம்பு வேட்டையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தென் கரோலினாவில் தாம் பாம்பு பிடித்த ஓகீட்டி என்னும் இடத்தை அன்போடு வருணித்தார். படித்தவர்கள் அந்த இடத்தைத் தேடிச் சாக்கோடு சென்றார்கள். வருணனையின் ஆற்றல் அத்தகையது. ஆசிரியரின் நோக்கம் அதைத் தடுக்க முடியவில்லை. இதற்கு மாறான ஒரு காட்சி இல்லினாய் மாநிலத்தில் உண்டு. சுண்ணாம்புக் குன்றிலிருந்து சதுப்புநிலத்துக்கும் மீண்டும் குன்றுக்குமாகப் பாம்புகள் இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் ஒரு காட்டுச் சாலையைக் கடக்கின்றன. 1972 முதல் அந்தச் சாலை ஆண்டுக்கு இருமுறை வாகனங்களுக்கு அடைக்கப்படுகிறது. மக்கள் நடந்துசென்று பார்க்கலாம், தொடக்கூடாது. பாம்புக்காகச் சாலையை மூடும் அரசு ஒன்று உலகில் இருப்பது சிறிய செய்தி அன்று.

தமிழ்நாட்டில் பாம்பைத் தேடிக் காணும் கலை வார இறுதிக் கலையாகத் தொடங்கவில்லை. அது இருளர்களின் வாழ்வு. தரையில் கிடக்கும் ஒரு செதில், வளை வாயிலில் மண் வழுவழுப்பாகி இருத்தல், எச்சத்தின் நிறம் ஆகியவற்றால் உள்ளே இருப்பது இன்ன பாம்பு என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது அவர்கள் பிழைப்பிழந்தார்கள். ராமுலஸ் விட்டேக்கர் முதலியோரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பிடித்த பாம்பின் நஞ்சை எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடும் முறை வந்தது. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகித் தொல்லை தந்த மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. விலையுயர்ந்த கருவியோடு வரும் நகரத்தார் இவர்களிடம் கற்கவேண்டியது நிறைய, கற்பவர் சிலரே.

இனி, படத்தைப் பற்றி. ஊர்வனவற்றின் நிழற்படங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஒருவருக்குச் சில காலத்தில் ஓர் ஐயம் தோன்றும். விரியன் எப்போதும் பாசி படர்ந்த கிளையில் அழகிய சுருளாகவே அமர்கிறதே, எப்படி? தவளை எப்போதும் செம்மலரின் மேலேயே ஏறி நிற்கிறதே, ஏன்? பின்னணி எப்போதும் கருமையாகவும் கறையற்றும் இருக்கிறதே, இலையும் குச்சியும் எங்கே போயின? விடை இனியதன்று. பாம்பைப் பிடித்து, ஒரு கிண்ணத்தால் கவிழ்த்து மூடி, அது சோர்ந்து சுருண்டபின் திறந்து படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்ப்பெட்டியில் வைத்து அசைவை ஒடுக்கியபின் கிளையில் அமர்த்துபவர்களும் உண்டு. குளிர்ந்த குருதி உடைய உயிருக்கு வெப்பமே வலிமை. அதைப் பறித்தால் அது பொம்மையாகும். பொம்மையைப் படம் எடுத்துவிட்டுக் காட்டின் அழகு என்று தலைப்பிடுகிறார்கள்.

ஒருசார் புகைப்படக் கலைஞர் இதற்கு மறுமொழி கூறுவர். உயிருக்குக் கேடில்லாமல் சற்று இடம் மாற்றி வைத்தால் என்ன? இனத்தை அடையாளம் காண அடிவயிற்றின் வரியும் விரலின் அமைப்பும் தெரியவேண்டாமா? இதில் பாதி உண்மை இருக்கிறது. உரிய ஒப்புதல் பெற்ற ஆய்வாளர் கையிலெடுத்துப் பார்க்காமல் பல இனங்களைப் பிரித்திருக்கவே முடியாது. ஆனால் வார இறுதிப் பயணி அந்த ஆய்வாளர் அல்லர். சட்டமும் அவ்வாறு கருதவில்லை: 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் சொல் கொல்வதை மட்டும் குறிக்கவில்லை, பிடித்தலையும் பிடிக்க முயல்வதையும் உள்ளடக்கியது. புல்லிதழ் ஒன்று முகத்தின் குறுக்கே விழுந்த படம், கால் ஒன்று இலைக்குப் பின்னே மறைந்த படம், சேறு படிந்த தவளையின் படம் ஆகியவையே நம்பத்தக்கவை. அவ்வுயிர் அந்த இரவில் அவ்வாறே இருந்தது என்பதற்கு அந்தப் புல்லிதழே சான்று. கவிதையிலும் இந்தச் சிக்கல் உண்டு. உவமைக்காக மலரை இடம்பெயர்த்து நடுகிறவரையும், மலர் நின்ற இடத்துக்கு உவமையை நடத்திச் செல்கிறவரையும் இவ்வவை பிரித்தறியும்.

இந்த வேறுபாடு வெறும் அழகியல் வாதம் என்று எண்ணுவோர் கேரளத்தில் நடந்ததைக் கேட்கவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மழைக்காடுகளில் விண்மீன் தவளை என்று சொல்லத்தக்க ஓர் உயிர் வாழ்கிறது. 1878இல் பெடோம் விவரித்தது. விரல் நுனியளவு உடல். கரிய தோலின்மேல் வெளிர்நீலப் புள்ளிகள் வான்மீன்கள்போலச் சிதறிக் கிடக்கும். விழுந்து மட்கும் மரத்தின் அடியிலும் கல்லின் அடியிலும் ஈர இலைச்சருகிலும் ஒளிந்து வாழும். 2020இல் ஆய்வாளர் ஒருவர் ஒரு மரத்துண்டின் அடியில் ஏழு தவளைகளைக் கண்டார். பின்னர் அவ்விடத்துக்குத் திரும்பியபோது மரத்துண்டுகள் புரட்டப்பட்டும் உடைக்கப்பட்டும் கிடந்தன, தரை மிதிபட்டிருந்தது, தவளைகள் இல்லை. படம் எடுப்போர் குழு குழுவாக வந்ததையும், தவளைகளைக் கையில் எடுத்து வேறிடத்தில் வைத்துப் படமெடுத்ததையும், அவற்றுள் இரண்டு இறந்ததையும் காட்டின் வழிகாட்டி ஒருவர் பின்னர் தெரிவித்தார். இச்செய்தி 2025 டிசம்பரில் வெளியாயிற்று.

அங்கே வந்தவர்கள் கொலைகாரர்கள் அல்லர். தவளையின்மீது விருப்பம் இல்லாதவர் மழையில் அத்தனை தொலைவு ஏறியிருக்க மாட்டார். இதுதான் இதில் வேதனை. நூறாண்டு மட்கி ஈரம் காத்த ஒரு மரத்துண்டு அத்தவளைக்கு வீடு. கூரையும் சுவரும் காற்றின் ஈரப்பதமும் அதுவே. புரட்டியவருக்கோ அது ஒரு மூடி. திரும்ப வைத்தாலும் அடியிலிருந்த மண்ணின் படிவு பழையபடி பொருந்தாது. பலர் திரும்ப வைப்பதும் இல்லை. தவளைக்குத் தோலே பாதி மூச்சு. கொசுவிரட்டி பூசிய கை, உலர்ந்த கை, இரண்டும் அதற்குத் தீங்கு. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தீங்கும் உண்டு. நீரிலும் சேற்றிலும் பரவும் கைட்ரிட் என்னும் பூஞ்சையால் உலகெங்கும் குறைந்தது 501 நீர்நில வாழ்வன இனங்கள் நலிந்ததாகவும், அவற்றுள் 90 அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஓர் ஓடையின் சேற்றைக் காலணியில் ஒட்டிக்கொண்டு அடுத்த வாரம் மற்றோர் ஓடையில் இறங்குவது எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. காலணியைக் கழுவி மருந்திட்டு உலர்த்துவது பத்து நிமிட வேலை.

இடத்தின் பெயரும் ஆபத்தானது. சீனாவின் தென்கோடியில் ஒரு குகைப்பல்லி 1999இல் விவரிக்கப்பட்டது. இடம் அறிவிக்கப்பட்டதும் வளர்ப்புவிலங்கு வணிகர்கள் சென்றார்கள். முதலில் கண்டெடுத்த இடத்திலேயே அது இல்லாமற் போயிற்று. இத்தகைய நிகழ்வுகளைத் தொகுத்து, அறிவியல் விவரிப்பே ஓர் இனத்துக்கு எமனாகலாம் என்று 2006இல் ஆய்வாளர் சிலர் எச்சரித்தார்கள். காஃபெல்டின் நூலுக்கு நேர்ந்ததே மீண்டும் நேர்ந்தது. இந்தியாவின் நட்சத்திர ஆமை இந்த வணிகத்தால் பட்ட துன்பம் நாடறிந்தது. 2019இல் பன்னாட்டு வணிகத் தடையின் உச்சப் பட்டியலில் அதைச் சேர்க்கவேண்டி வந்தது. ஆகவே உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற அமைப்புகள், அருகிவரும் இனங்களின் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மங்கலாக்கி வைக்கின்றன. சங்கப் புலவரும் அகப்பாட்டில் தலைவன் பெயரைச் சொல்லவில்லை. மலையையும் அருவியையும் சொல்லி நிறுத்தினார். பெயர் மறைத்தலால் பாட்டு குறைந்துபோனதாக எவரும் சொன்னதில்லை.

நஞ்சைப் பற்றியும் ஒரு சொல் இன்றியமையாதது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறக்கின்றனர் என்று 2000 முதல் 2019 வரையிலான காலத்துக்கு மதிப்பிடப்பட்டிருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் உழவரும் சிற்றூராருமே; படம் எடுக்கச் சென்றவர் அல்லர். ஆனால் அறிந்தவர் என்னும் செருக்கு அறியாமையை விடக் கொடியது. ஜோசப் ஸ்லோவின்ஸ்கி என்னும் அமெரிக்கப் பாம்பியல் அறிஞர் 2001 செப்டம்பரில் மியான்மரின் மலைக்காட்டில், நஞ்சற்ற ஓநாய்ப்பாம்பு என்று கருதப்பட்ட ஒன்று இருந்த பையில் கைவிட்டார். அது கட்டுவிரியன் இனம். உதவி வந்து சேருமுன் இறந்தார். பெயரிடுவதில் நேரும் பிழைக்கு இலக்கியத்தில் மறுப்புக் கட்டுரை வரும். காட்டில் வேறொன்று வரும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பழங்கதை நினைக்கத்தக்கது. மன்னன் ஒருவனுக்குத் தீராத தலைவலி. அகத்தியர் மண்டை ஓட்டைத் திறந்து பார்க்கிறார். மூளையின்மேல் ஒரு தேரை கால்பதித்து அமர்ந்திருக்கிறது. குறடால் இழுத்தால் மூளை கிழியும். என்ன செய்வது என்று ஆசிரியர் திகைக்கும்போது, அருகிலிருந்த மாணவர் ஒரு கிண்ணத்தில் நீர் கொண்டுவந்து அதன் கண்ணில் படுமாறு அலைக்கிறார். தேரை தானே நீருக்குத் தாவுகிறது. அன்றுமுதல் அவர் தேரையர் ஆனார். கருவி தோற்ற இடத்தில் வென்றது, தேரை எதை விரும்பும் என்னும் அறிவு. மருத்துவம் பற்றிய கதையாகவே இதைச் சொல்லிவந்திருக்கிறார்கள். தவளையைக் காணும் முறை பற்றிய கதையாகவும் சொல்லலாம்.

அந்த அகத்தியரின் பெயரைத் தாங்கிய பொதிகை மலைத்தொடரில், 1874க்குப் பின் எவர் கண்ணிலும் படாமல் ஒரு தவளை மறைந்திருந்தது. காணாமற்போன தவளைகளைத் தேடும் முயற்சி 2010இல் தொடங்கப்பட்டபோது, 136 ஆண்டுகளுக்குப் பிறகு அது மீண்டும் கண்டறியப்பட்டது. பசிய உடல், சாம்பல் நீலத் தொடை, கரிய விழியில் பொன் திட்டுகள். நாணல்போன்ற மெல்லிய மூங்கிலின் கணுக்களுக்கு இடையிலுள்ள வெற்றிடமே அதன் இல்லம். மூங்கிலின் சுவரில் ஏதோ ஒரு பூச்சியோ சிறு விலங்கோ இட்டுச்சென்ற குறுகிய பிளவின் வழியே ஆண் தவளை உடலை நெருக்கி உள்ளே புகும்; அங்கிருந்தே பெண்ணை அழைக்கும். முட்டைகள் உள்ளே இடப்படும். இவ்வினத்தில் தலைப்பிரட்டை நீந்தும் பருவம் இல்லை. முட்டைக்குள்ளேயே உருப்பெற்றுச் சிறு தவளையாக வெளிவரும். அதுவரை காவல் இருப்பது தந்தை. தந்தையை அகற்றினால் வேறு ஆண்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுவதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. மூங்கிலைப் பிளந்து பார்த்தால் படம் நன்றாக வரும், கூடு அழியும். எனவே அந்த இல்லத்தைப் பழுதின்றிக் காட்டும் படத்தில் தவளை இருக்காது. மழையில் நனைந்த மூங்கில் ஒன்றும், அதன் கணுவுக்கு மேலே நகக்கீறல்போன்ற ஒரு பிளவும் மட்டுமே இருக்கும். படத்தின் அடியில் நாளும் பொழுதும் உள்ளிருந்து கேட்ட குரலைப் பற்றிய ஒரு வரிக் குறிப்பும் இருக்கும்.